குடிக்காத தேத்தண்ணி

கிணற்றுத் தண்ணீர்க் குப்பியை வெயிலுக்கு உயர்த்திப் பிடிக்கிறாள் சுகாதார ஆய்வாளர் ஹுஸ்னியா. உள்ளே துளி வானம் ஆடுகிறது. சோதனையில் தெரிந்த நைட்ரேட், கைக்குழந்தைக்கு நஞ்சாகும் அந்த உர உப்பு, கண்ணுக்குத் தெரிவதில்லை. "கொதிக்க வெச்சாலும் இது போகாது, ராத்தா. புள்ளைக்கு இந்தத் தண்ணியில பால்மா கரைக்காதீங்க." மடியில் குழந்தையோடு றஹீமா சிரிக்கிறாள். "கற்கண்டுத் தண்ணி, மிஸ். கொதிச்சா எல்லாம் செத்துப் போகும்தானே. முதல்ல தேத்தண்ணியக் குடிங்க." கோப்பையின் ஆவி இருவருக்கும் இடையில் கனவுபோல அலைகிறது. வந்த வீட்டில் தேத்தண்ணியை மறுப்பது முகத்திலடிப்பது மாதிரி. பெரியவர்களை இந்தத் தண்ணீர் ஒன்றும் செய்யாது என்பதும் ஹுஸ்னியாவுக்குத் தெரியும். ஆனாலும் வாங்கிய கோப்பையை உதட்டில் வைக்காமலே கீழே வைக்கிறாள். றஹீமாவின் சிரிப்பு மெல்ல அணைகிறது. அவள் பார்வை கோப்பையிலிருந்து நகர்ந்து, ஜன்னலில் வெயில் பட்டு நிற்கும் குழந்தையின் பால் போத்தலில் தங்குகிறது.