மூன்றாம் சர்வர்

நிரலில் அந்த வரியைப் படித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சென்னை, கோவை விண்ணப்பங்கள் ஒன்றாம், இரண்டாம் சர்வர்களுக்கு. மற்ற மாவட்டங்கள் மொத்தமும் மூன்றாவதுக்கு.

முதல் இரண்டும் புதியவை. மூன்றாவது கிழடு. கொஞ்சம் கூட்டம் சேர்ந்தாலே படுத்துக்கொள்ளும்.

கல்லூரி இடத்தைத் தேர்ந்தெடுக்க இன்று மாலையோடு கெடு முடிகிறது. இணையதளத்துக்கு வருகிறவர்களை வாசலிலேயே பிடித்து, ஏதாவது ஒரு சர்வருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். யாரை எங்கே அனுப்புவது என்பதைத்தான் அந்த வரி சொன்னது. எழுதியவர் அவளுடைய மேலாளர் ஞானப்பிரகாசம்.

பரமக்குடியிலிருந்து அக்கா மகள் நேற்றிலிருந்து அழைத்துக்கொண்டிருக்கிறாள்.

“சித்தி, இன்னும் பேஜ் வராம சுத்திக்கிட்டேதான் இருக்கு. நெட் சென்டர்ல எல்லாருக்கும் இப்படித்தான்.”

எழுந்துபோய் ஞானப்பிரகாசத்திடமே கேட்டாள். அவர் டீயை ஊதிக் குடித்தார்.

“சென்னைக்காரனுக்கு ரெண்டு நிமிஷம் பேஜ் வரலைன்னா டிவி வரைக்கும் போயிடுவான்மா. மத்தவங்க வெயிட் பண்ணுவாங்க.”

வெயிட் பண்ணுவார்களாம்.

அந்த டீயை அவர் சட்டையிலேயே ஊற்றலாம் போலிருந்தது. இடத்துக்குத் திரும்பினாள்.

அக்கா மகளை மட்டும் முதல் சர்வருக்குத் திருப்பிவிடலாம். யாருக்கும் தெரியாது. கைகூட விசைப்பலகைக்குப் போய்விட்டது.

அப்படியானால் அந்த நெட் சென்டரில் அவளுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகள்?

வரியை அழித்தாள். மாவட்டம் எதையும் பார்க்காதே, வருகிறவர்களை மாற்றி மாற்றி மூன்றுக்கும் அனுப்பு என்று எழுதினாள்.

சற்று நேரத்தில் அலுவலகத்துத் தொலைபேசிகள் எல்லாம் அலறின. அண்ணாநகர். வேளச்சேரி. கோவை ஆர்.எஸ்.புரம். பேஜ் வரவில்லையாம்.

ஞானப்பிரகாசம் ஓடிவந்தார். எவன் கை வைத்தது என்று கத்தினார்.

“நான்தான் சார்.”

அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. தளம் முடங்கியதால், மாணவர் நலன் கருதி, அவகாசம் ஒரு நாள் நீட்டிப்பு.

யாரோ கைதட்டினார்கள். ஞானப்பிரகாசம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவளுடைய கைப்பேசி ஒலித்தது.

“சித்தி, எனக்குப் பேஜ் வந்துருச்சு! இன்னும் ஒரு நாளும் குடுத்திருக்காங்களாம். நமக்காக யோசிச்சிருக்காங்க பாருங்க. நல்ல மனுசங்க சித்தி.”

அண்ணாநகர் அலறியதும் வந்த ஒரு நாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“சித்தி? லைன்ல இருக்கீங்களா?”