பந்தல் போட்ட இடம்

திருநின்றவூர் ஏரியை ஒட்டிய நிலத்தில் பந்தல் போட்டு, சுற்றுவட்டார நிலக்காரர்களைக் கூட்டி, "வரப்போரத்துப் புதரை அழிக்காதீங்க, கௌதாரி அதுலதான் முட்டை வைக்கும்" என்று மேடையில் பேசிக்கொண்டிருந்தாள் சுதா.

கூட்டத்துக்கு நிலம் கொடுத்த கெங்கம்மாள் விறுவிறுவென்று உள்ளே வந்தாள். "நிறுத்தும்மா. போதும் உன் பாடம்."

இவளும் பிளாட் போட்டு விற்கப் பார்க்கிறாள் என்று சுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பறவைங்க மேல உங்களுக்கு என்னம்மா அவ்ளோ கோவம்?"

"கோவம் உன் மேலதான். பந்தல் போட்டுக்கோன்னு சொல்லிட்டு பொண்ணு ஊட்டுக்குப் போனேன். வந்து பாத்தா, இங்க இருந்த புதரையே காணோம். இன்னாத்துக்கு வெட்டுன?"

பந்தலுக்காக இடத்தைச் சுத்தம் பண்ணச் சொன்னவளே சுதாதான்.

"நீ நிக்கிற எடத்துலதாம்மா கௌதாரி அடைகாத்துகினு இருந்துச்சு."