அவசரக்குடுக்கை

பச்சைத் தொப்பி மறுபடியும் குளத்தின் அடியில் கிடந்தது.

லைஃப் கார்டு நாற்காலியில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆழமான பக்கம், ஏணிக்கு நேர் கீழே. முகம் குப்புற இருந்தது. கைகள் இரண்டும் தளர்ந்து, தண்ணீர் அசைக்கிற பக்கமெல்லாம் அசைந்தன.

வெள்ளிக்கிழமையும் இதே தொப்பிதான், இதே இடம்தான். அன்று அவள் யோசிக்கவே இல்லை. குதித்தாள், பிடித்தாள், கரைக்கு இழுத்து வந்துவிட்டாள்.

அந்த மனிதர் சாகவில்லை. மூச்சடக்கப் பழகிக்கொண்டிருந்தார். இரண்டு நிமிடத்தைத் தொடப்போகிற நேரத்தில் காரியத்தைக் கெடுத்துவிட்டாளாம். ஒன்றரைப் பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தார்.

மாற்றுத் துணி இல்லாமல் மாலை வரை ஈரத்தோடேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து டிக்கெட் கொடுக்கிற அக்கா முதல் தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் அவசரக்குடுக்கை. வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. இன்னொரு கடிதம் வந்தால் நான்காவது வாரம் கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இனி குதிப்பதற்கு முன்னால் பத்து வரை எண்ணு என்றும் சொன்னார்.

விசில் ஊதினாள். அடியில் இருப்பவருக்கு அது கேட்காது என்று அவளுக்கே தெரியும்.

ஒன்று.

பழகுகிறார், வேறென்ன? கோளாறெல்லாம் உன் கண்ணில்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அண்ணன் சின்ன வயதிலிருந்தே கேலி செய்வான். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான்.

இரண்டு.

மூச்சை அடக்குகிறவரும் மூச்சு நின்றவரும் மேலேயிருந்து பார்த்தால் ஒன்றுதான். மூச்சடக்கிக்கொண்டே நினைவு தப்பிப் போனவர்களும் உண்டு, பயிற்சியில் முதல் நாளே சொன்னார்கள். பத்து எண்ணி முடித்தால் நிச்சயமாகத் தெரிந்துவிடும். நிச்சயமாகத் தெரிந்த பிறகு என்ன செய்வது?

குதித்தாள்.

கரையில் சாய்த்ததும் அவர் நீச்சல் கண்ணாடியைக் கழற்றி எறிந்தார். முகம் சிவந்திருந்தது, கோபத்தில்தான். மூச்செல்லாம் நன்றாகவே இருந்தது. குளமே சிரித்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள்.

மானம் போயிற்று.

மேனேஜர் ஈரத் தரையில் வழுக்கிவிடாமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார்.

"பத்து வரைக்கும் எண்ணச் சொன்னேனா இல்லையா?"

"எண்ணினேன் சார். ரெண்டே போதும்னு தோணிச்சு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பச்சைத் தொப்பி அலுவலக அறைப் பக்கம் விறுவிறுவென்று போவதைப் பார்த்துவிட்டு, அவரும் பின்னாலேயே ஓடினார்.

இந்த முறை கடிதம் இரண்டு பக்கமாவது வரும். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆகும். அதுவரை நாற்காலி அவளுடையதுதான். குளத்தில் இன்னும் பதினேழு பேர் இருந்தார்கள்.

அடுத்த குளத்து லைஃப் கார்டைக் கூப்பிட்டு, ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உடை மாற்றும் அறைக்குப் போனாள். பையைத் திறந்து உலர்ந்த சீருடையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தலைமுடியைப் பிழிந்து இறுக்கி முடிந்தாள். விசிலைக் கழுத்தில் மாட்டினாள்.

பைக்குள் இன்னும் இரண்டு சீருடைகள் மடித்தபடி இருந்தன. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்தவை.