எண்ணெய் ஒற்றிய கட்டுரை

டீக்கடையில் வாழைக்காய் பஜ்ஜியைச் சுற்றியிருந்த பழைய பேப்பர் முகம் சுளித்தது.

"தள்ளிப் படு. திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெயால கேன்சர் ஆபத்து கூடுதாம். ஆராய்ச்சிக் கட்டுரை என் மேலயே போட்டிருக்கு."

"கடைசி வரியையும் சத்தமா வாசி," என்றது பஜ்ஜி. "அது என் முதுகுப் பக்கம்தான் இருக்கு."

பேப்பர் குரலைத் தாழ்த்தியது. "அச்சு மை ஒட்டின பண்டமும் ஆகாதாம்."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி!"

அதற்குள் பஜ்ஜி வாங்கிய மாசிலாமணி பொட்டலத்தைப் பிரித்தார். கட்டுரையின் தலைப்பைப் பார்த்து ஆடிப்போனார்.

"நல்லவேளை, கண்ணுல பட்டுச்சு!" என்று பஜ்ஜியை அதே கட்டுரையில் வைத்து, எண்ணெய் போக அழுத்து அழுத்தென்று அழுத்தினார்.

கடைசி வரி பஜ்ஜியின் முதுகில் பளிச்சென்று பதிந்தது. மாசிலாமணி முதலில் கடித்தது அந்த இடத்தைத்தான்.