சட்டைப் பையில் ஒரு சீட்டு

மகனின் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் ஒரு சீட்டு இருந்தது.

'போதை மீட்பு ஆலோசனை மையம். வெள்ளி, காலை பத்து மணி.'

அம்மா அதை மூன்று தடவை படித்தாள். படபடப்பு அடங்க ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். கணவர் இறந்த சமயத்தில், தூக்கம் வருவதற்காக டாக்டர் எழுதிக் கொடுத்தது.

இப்படி ஒரு நாள் வரும் என்று அவள் பயந்துகொண்டேதான் இருந்தாள்.

பையன் அப்படி. பத்தாவது மாடிக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு ஏசி மாட்டுகிறவன். "பயமா இல்லையாடா?" என்றால், "ஜாலியா இருக்கும்மா" என்பான்.

அவளோ லேபில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் டைப் அடிப்பவள். ஒரு புள்ளி தப்பிவிடுமோ என்று மூன்று தடவை பார்ப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு நாலாவது தடவை பார்க்கும்.

சாப்பிடும்போது மெல்லக் கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை எங்கடா வேலை?"

"காலைல ஒரு சின்ன விஷயமா போகணும்மா. அப்புறம்தான் வேலை."

முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை லேபுக்கு லீவு சொல்லிவிட்டு, இரண்டு மாத்திரையாக விழுங்கிவிட்டுக் கிளம்பினாள்.

மையத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தான் பிள்ளை. அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்தான். அதற்குள் பெண் ஆலோசகர் உள்ளேயிருந்து வந்துவிட்டார்.

"மேடம், இவன் என் பிள்ளை. சின்ன வயசுலயே மரத்துலேருந்து குதிச்சுக் கையை உடைச்சுக்கிட்டவன். முன்னபின்ன யோசிக்கவே மாட்டான். இந்தக் குணம் இவனை இங்கதான் கொண்டுவந்து விடும்னு எனக்குத் தெரியும்."

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

ஆலோசகர் அவளை உட்கார வைத்தார்.

"துணிச்சல்காரப் பிள்ளைங்க மாட்டிக்கிறது உண்டும்மா. எந்நேரமும் பயந்துகிட்டு, யார்கிட்டயும் சொல்லாம உள்ளுக்குள்ளயே புழுங்கறவங்களும் மாட்டிக்கிறாங்க. என்ன, அவங்க மேல யாருக்கும் சந்தேகம் வராது."

"அதெல்லாம் இருக்கட்டும் மேடம். இவன் எதைச் சாப்பிடறான்? எத்தனை நாளா?"

கேட்கும்போதே அவள் கை தானாகக் கைப்பைக்குள் போய் மாத்திரை அட்டையைத் துழாவியது.

மகன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டான்.

"நான் எதையும் சாப்பிடலைம்மா. உன்னை எப்படி இங்க கூட்டிட்டு வர்றதுன்னு கேக்கத்தான் மூணு வாரமா வந்துட்டிருக்கேன்."