நண்டம்மாவுக்கு ஒரு ஓடு

துறைமுகச் சேற்றில் வாழ்ந்த சங்கைப் பார்க்கும்போதெல்லாம் நண்டம்மா கேட்பாள்: "என்னடி, விசேஷம் உண்டா?" செத்த சங்கின் ஓட்டில் குடியிருக்கிறவளுக்கு அடுத்தவள் வயிற்றைப் பற்றி அவ்வளவு அக்கறை! "கண்டதையும் தின்னிருப்பே. அதான் முட்டை தங்கலே."

அங்கே எந்தச் சங்குக்கும் முட்டை இல்லை.

வருஷக்கணக்காக வந்துபோகும் கப்பல்களில் ஒன்று ஒருநாள் பளபளவென்று வந்து நின்றது.

"என் அடியிலே ஒரு பாசி உண்டா பாருங்க! வெள்ளீய விஷம் கலந்த பெயிண்ட். ஒட்ட வந்தது பிழைக்காது."

"அது கரைஞ்சு எங்கே போகும்?" என்றாள் சங்கு.

"கீழேதான், உங்க சேத்துக்கு. எனக்கென்ன?"

நண்டம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நாளாக நாளாக அவள் பெருத்தாள், ஓடு இறுக்கியது. இருந்த ஓடுகளிலெல்லாம் ஆள் இருந்தது. புதுச் சங்கு பிறந்தால்தானே புது ஓடு? முதுகு பிதுங்க, மகளையும் கூட்டிக்கொண்டு சங்கின் வாசலில் வந்து நின்றாள். இந்தத் தடவை விசேஷம் கேட்கவில்லை.

"உட்காருங்கக்கா," என்றாள் சங்கு. "எனக்கும் வயசாச்சு. கொஞ்சம் பொறுத்தா என் ஓடு உங்களுக்குத்தான். உங்க பொண்ணுக்குத்தான் என்ன செய்யறதுன்னு தெரியலே."