எட்டு மணி நேரம் தாங்கும்

கட்டில் காலியாக இருந்தது. அடியில் ஆதிநாராயணனின் செருப்பு மட்டும் ஜோடியாகக் கிடந்தது. நாகலாபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் மாற்றுத்துணியோடு திருப்பதி வந்து இறங்கிய சுலோசனாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எங்கம்மா எங்க வூட்டுக்காரரு?"

நர்ஸ் கல்பனாவின் முகமும் வெளுத்திருந்தது. "விடியறப்பவே காணோம்க்கா. புண்ணுல மாட்டுன பை மிஷினையும் தோள்ல போட்டுக்கினு பூட்டாரு. கரண்டு இல்லாம அது எவ்ளோ நேரம் ஓடும்னு நேத்தே ரெண்டு தடவ கேட்டாரு. எட்டு மணி நேரம் தாங்கும்னேன்."

சர்க்கரை வியாதிக்காரன். பாதத்தில் ஆணி ஏறியதுகூடத் தெரியாமல் மூன்று நாள் நடந்ததில் வந்த புண் அது. காலையே எடுக்கவேண்டும் என்றார்கள். அன்று அவன் கண்மூடிக் கிடக்க, சன்னலில் தெரிந்த ஏழுமலையைப் பார்த்துச் சுலோசனா வாய்விட்டு அழுது வேண்டிக்கொண்டாள்.

பிறகுதான் அந்த மிஷினை வைத்தார்கள். இரவும் பகலும் அது சீழை உறிஞ்ச, மூன்று வாரத்தில் குழியில் சிவப்பாகச் சதை வளர்ந்தது.

"கால் பொழைச்சிது. ஆனா ரெண்டு மாசம் பாதம் தரையில படக்கூடாது. பட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது," என்றார் டாக்டர் நேற்று.

அதைக் கேட்டதிலிருந்து மனுஷன் சன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தான். நிலத்தை விற்றுவிட்டுத் தடா ஊரில் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக நின்றவன். இரண்டு மாதம் எந்தக் கம்பெனி காத்திருக்கும்?

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ரயில் தண்டவாளம். அது நினைவுக்கு வந்ததுமே அங்கே ஓடினாள். எதிரில் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, தோளில் பை மாட்டிய ஆளைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். அவன் நம்பருக்கு அடித்தால் பாழாய்ப்போன லைனோ கிடைக்கவேயில்லை.

பதினொரு மணிக்கு அவள் போன் அடித்தது. அவன்தான். மூச்சு இரைத்தது.

"யோவ், எங்கய்யா கீற? தண்டவாளமெல்லாம் தேடிட்டேன், பாவி!"

"சீ, நான் ஏம்மே சாவறேன்? கால்தான் பொழைச்சிக்கிச்சே!" அவன் சிரித்தான். "அன்னிக்கு நீ வேண்டிக்கினத நான் கேட்டுக்கினுதான் இருந்தேன். நீ சொன்னாப்பலயே வெறுங்கால்ல பாதி மலை ஏறிட்டேன், துளி வலி இல்ல!"